பட்டுக் கடையில் லெச்சுமியின் கை

போன மாதம் என் சுண்டுவிரல் நகம் காலமானது.

அனுதாபக் கடிதம் எதுவும் வேண்டாம். அது போக வேண்டிய நகம்தான். நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

முதலில் என் கைகளைப் பற்றி. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மெத்தென்ற கை என்று பார்த்தால் இரண்டு ஆண்களுக்குத்தான் உண்டு. ஒருவர் தோட்டத்தை நடத்துகிற துரை. மற்றவர் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான அடியேன். என் அப்பா மம்பட்டி பிடித்து மலையைக் கொத்தியவர். நானோ சாக்கட்டியைவிடக் கனமான எதையும் தூக்கியதில்லை. அந்தப் பெருமையை ஊருக்கு அறிவிக்கத்தான் இடது கைச் சுண்டுவிரலில் நகம் வளர்த்திருந்தேன். நம் பக்கத்தில் பேனா பிடிக்கிற பலருக்கு இந்த வியாதி உண்டு. காது குடையவும் உதவும்.

இந்தக் கைகளால் எனக்கு ஓர் உபரி உத்தியோகமும் கிடைத்திருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாராவது கல்யாணப் பட்டு எடுக்கப் புறப்பட்டால் என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்வார்கள். என் ரசனைக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இல்லையாம்... கைக்குத்தானாம். கொழுந்து எடுக்கிறவர்களுடைய விரல் நுனி வெடித்து, கறை ஏறி, அரம் மாதிரி இருக்கும். பட்டில் பட்டால் இழை மாட்டிக்கொள்ளும் என்று கடைக்காரர்கள் தொட விடமாட்டார்கள். 'கண்ணால பாருங்க, கை வைக்காதீங்க' — அவ்வளவுதான். உடுத்தப் போகிறவர்கள் தள்ளி நிற்க, நான் முன்னால் போய்த் தடவிப் பார்த்து, "வழவழன்னு இருக்கு" என்று சான்றிதழ் கொடுப்பேன்.

பட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எல்லாப் பட்டும் வழவழவென்றுதான் இருந்தது. எல்லாவற்றுக்கும் அதையேதான் சொன்னேன்.

இப்படியாகப்பட்ட எனக்கு, அக்கா மகள் லெச்சுமியின் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை பொகவந்தலாவைப் பக்கம். கூறைச் சேலை எடுப்பது மாப்பிள்ளை வீடு. பெண் வீட்டுக்குச் சாட்சியாகக் கூடப் போவது தாய்மாமன். பெண்? அவள் லயத்தில் இருக்க வேண்டியது. கல்யாணத்தன்று தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கும்போதுதான் தன் சேலை என்ன கலர் என்றே அவளுக்குத் தெரியும். இதுதான் நம் வழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறேன்... பின் சீட்டில் லெச்சுமி. தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு, என்னைத் தெரியாதவள் போல.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளையின் அம்மா மீனாச்சியம்மா காத்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் பார்த்ததும் முகம் மாறியது.

"வாத்தியாரே, பொண்ணு எதுக்கு வந்துருக்கு?"

நான் தொண்டையைச் செருமுவதற்குள் லெச்சுமி முந்திக்கொண்டாள். "கட்டப் போறது நான்தானே அத்தை. என்னயக் கேக்காம எடுத்தா எப்புடி?"

"அப்புடி வழக்கம் இல்லியேம்மா."

"வழக்கத்த லயத்துலயே வுட்டுட்டு வந்துட்டேங்க. திரும்பிப் போயி எடுத்துக்கிறேன்."

மீனாச்சியம்மா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மழை வரும் போல இருந்தது. "தாலி ஏறுறதுக்கு முந்தியே இப்புடி" என்று முணுமுணுத்துவிட்டு, கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

நாங்கள் போனது பஜாரில், நானா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம் முதலாளி ஒருவரின் ஜவுளிக் கடை. நானா வாசலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, கையில் தேத்தண்ணிக் கிளாசோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே சேல்ஸ்மேன் கண்ணாடி அலமாரியைத் திறந்து, கௌண்டரில் வெள்ளைத் துணி விரித்து, பட்டுகளை எடுத்து வைத்தார். அதிகம் இல்லை. இந்தியப் பட்டு வருவதே இப்போது அபூர்வமாகிவிட்டதே.

லெச்சுமி கிட்டே போனாள். சேல்ஸ்மேன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தார்.

"தங்கச்சி, கை வைக்காதீங்க. நூல் இழுத்துக்கும்."

லெச்சுமி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடிக்காதது உலகத்தில் எவ்வளவோ நடக்கிறது, நான் தலையிடுவதில்லை.

மீனாச்சியம்மா மோவாயால் ஒரு சேலையைக் காட்டினார். காப்பிக் கலர். "இந்தா, இது நல்லாருக்கு. அழுக்குத் தெரியாது, கறை தெரியாது. காலத்துக்கும் கட்டலாம். வாத்தியாரே, தொட்டுப் பாருங்க."

தொட்டேன். தாராளமாகவே தொட்டேன். முந்தானையைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, தலையை ஆட்டி, "வழவழன்னு..." என்று ஆரம்பித்தேன்.

சர்ர்ரென்று ஒரு சத்தம்.

முந்தானையின் நடுவில் ஓர் இழை சுருங்கிக்கொண்டு கோடு போட்டிருந்தது. சேல்ஸ்மேன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தவர் யாரைப் பார்த்தார் என்று நினைக்கிறீர்கள்? சேலையைக் கையில் பிடித்திருந்த என்னையா?

"நான் அப்பவே சொன்னேன் தங்கச்சி, கை வைக்காதீங்கன்னு."

"இதுக்குத்தான் வர வேணாம்னேன்" என்றார் மீனாச்சியம்மா. "நீ போயி வெளியில நில்லும்மா. நாங்க பாத்து எடுத்துக்கிட்டு வர்றோம்."

வெளியில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. தன் கல்யாணச் சேலையைப் பார்க்க வழக்கத்தை மீறி மலை இறங்கி வந்த பெண், அதைப் பார்க்காமலே கடை வாசலில் நிற்கப் போகிறாள். லெச்சுமி நகரவில்லை.

"என் கை இங்கல்ல இருக்கு" என்று முதுகைத் திருப்பிக் காட்டினாள். "பள்ளிக்கூடத்துல மாமாகிட்ட அடி வாங்குறப்ப நின்ன மாதிரி நிக்கிறேன். இதுல நான் எங்கேருந்து இழுத்தேன்?"

"நான்தான்... நான்தான் இழுத்தது" என்றேன்.

யாரும் நம்பவில்லை. "மருமகளக் காப்பாத்தப் பாக்குறீங்க. உங்க கையா வாத்தியாரே இழுக்கும்?" என்றார் மீனாச்சியம்மா. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தைரியமாக உண்மை பேசுகிறேன் — அதற்கும் மதிப்பில்லை. வேறு வழியில்லாமல் இடது கையைத் தூக்கினேன். கூடவே சேலையும் தூக்கிக்கொண்டு வந்தது. சுண்டுவிரல் நகத்தில் பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தது.

வாசலில் இருந்து நானா எழுந்து வந்தார். நகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், கழுகு வளக்கிறீங்களா?"

அவரே மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து, முதலில் இழையை விடுவித்தார். அப்புறம் நகத்தை. துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல். நல்லவேளை, விரலை விட்டுவைத்தார்.

அதற்குள் லெச்சுமி கௌண்டருக்கு வந்துவிட்டாள். பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்து, தன் முந்தானையில் துடைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்தாள். கறுத்துப்போன விரல்கள். வெள்ளைத் துணியில் பளிச்சென்று தெரிந்தன.

"இனிமே நானே தொட்டுப் பாத்துக்கிறேன்."

சேல்ஸ்மேன் பதறினார். "நானா, சொல்லுங்க நானா..."

லெச்சுமி, நானா மறுபடி கையில் எடுத்திருந்த கிளாசைக் காட்டினாள். "நானா, நீங்க குடிக்கிற தேத்தண்ணி இருக்கே, அதுவும் இந்தக் கை தொட்டு வந்ததுதான். அத யாரும் தொடாதேன்னு சொன்னதில்ல. விடியுறதுக்கு முந்தியே பெரட்டுக்கு ஆள் கூப்புட்டு, பேர் பதிஞ்சு தொடச் சொல்றாங்க. பட்டுக்கு மட்டும் ஆகாதா?"

நானா கிளாசைப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு சேல்ஸ்மேனிடம், "எல்லாத்தையும் எடுத்துப் போடுங்க. அந்தப் புள்ள பாக்கட்டும்" என்றார்.

பார்த்தாள். அவசரமே படவில்லை. அலமாரி காலியாகும்வரை பார்த்தாள். ஒரு சேலையில் விரல் கொஞ்சம் மாட்டியது. இழுக்காமல் நின்று, மெதுவாக விடுவித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். கடைசியில் எலுமிச்சம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை போட்ட ஒன்றின் மேல் கை நின்றது.

"இது."

"ஐயோ, இதுல ஒரு சொட்டு பட்டாலும் தெரியுமே" என்றார் மீனாச்சியம்மா.

"தெரியட்டும் அத்தை. மலைக்கிக் கட்டுறது பூரா கறை தெரியாத கலரு. கல்யாணத்துக்காச்சும் கறை தெரியிற கலரு கட்டிக்கிறேனே."

அப்போதுதான் கவனித்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து இதுவரை மீனாச்சியம்மா தலைப்புக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்கவேயில்லை. சேலையைக்கூட மோவாயால்தானே காட்டினார்? இப்போது மெல்ல ஒரு கை வெளியே வந்தது. லெச்சுமியின் கையைவிடக் கறுப்பு, இன்னும் வெடிப்பு. அந்த விரல்கள் மஞ்சள் பட்டின் மேல் கொஞ்ச நேரம் இருந்தன.

"என் கூறைய எங்க மாமியா எடுத்தாங்க" என்றார் யாரிடமோ சொல்வதுபோல. "எனக்குப் பச்சைதான் புடிக்கும். யாரும் கேக்கல." பிறகு சேல்ஸ்மேனிடம் குரலை உயர்த்தினார். "என்ன தம்பி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மஞ்சளையே மடிங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். இந்த மலையில் பிறந்தவர்களை இங்கேயே வைத்துக்கொள்வதா, அக்கரைக்கு, இந்தியாவுக்கு, அனுப்பிவிடுவதா என்று பெரிய பெரிய இடங்களில் பேசுகிறார்கள். இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று இரண்டு அரசாங்கமும் பங்கு போடுகின்றன. நம்மைக் கேட்டார்களா? நாம் லயத்தில் இருக்க வேண்டியது; தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கும்போது நிறம் தெரிந்துகொள்ள வேண்டியது. அந்தப் பேச்சு நடக்கிற இடத்துக்கும் யாராவது லெச்சுமியைப் பஸ் ஏற்றி அனுப்பினால் தேவலை. என்னை அனுப்ப வேண்டாம். நான் எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, வழவழவென்று இருப்பதாகச் சொல்லிவிடுவேன்.

அந்தக் காப்பிக் கலர் சேலை? அது என் வீட்டுக்கு வந்தது. வேறு எங்கே போகும்? "என்ன திடீர்னு பட்டு?" என்று வீட்டம்மா கண் கலங்கிவிட்டாள். உடனே என் விரலைப் பார்த்தாள். சேலையைப் பிரித்துப் பார்த்தாள். கண் காய்ந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் நடந்தது. தாலி ஏறியதும் லயத்துப் பெண்கள் எல்லாரும் மணவறையைச் சூழ்ந்துகொண்டார்கள். லெச்சுமி முந்தானையை அவர்களிடமே நீட்டிவிட்டாள். கொழுந்து எடுக்கிற அத்தனை கைகளும் அந்த மஞ்சள் பட்டைத் தொட்டுப் பார்த்தன. ஓர் இழைகூட அசையவில்லை.

நானும் அட்சதையோடு கிட்டே போனேன். மீனாச்சியம்மா குறுக்கே வந்து நின்றார்.

"வாத்தியாரே, நீங்க அங்கேருந்தே போடுங்க. பொண்ணு சேலைப் பக்கம் கை வேணாம்."

நகம் இல்லாத விரலைத் தூக்கிக் காட்டினேன். பலிக்கவில்லை. அட்சதையைத் தூரத்திலிருந்தே வீசிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சமர்த்தாக நின்றேன்.