ஜெயபாய் மாத்திரைக்கு ஓய்வு கொடுத்த மாசி மாதம்

அருமனையில் மாசி மாதம் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். அப்போது யாரும் மரத்தில் கத்தி வைப்பதில்லை. இளைப்பாறட்டும் என்று பால்வெட்டை நிறுத்திவிடுவார்கள். ரத்தினமும் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுப் பட்டப்பகலில் குறட்டை விட்டார். அவர் மனைவி ஜெயபாய்க்குப் பொறாமையாக இருந்தது.

அவளுக்கு மார்பில் புற்றுக்கட்டி எடுத்து இரண்டு வருடம். ஐந்து வருடம் விழுங்கச் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து, அது அவள் உடம்பையும் சூடுபிடிக்க வைக்கும். முந்தானையால் விசிறிக்கொள்வாள். பிரசங்கம் தைத்துவிட்டது என்று போதகர் மகிழ்ந்துபோவார்.

"மரத்துக்கே ஓய்வு உண்டு. எனக்கு இல்லியா?"

"நியாயந்தான் கேட்டியா. தளிர் வந்த பொறவு மறுபடி தின்னு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ரத்தினம் திரும்பிப் படுத்தார்.

மாத்திரை நின்றது. சில வாரங்களில் சூடும் அடங்கியது. தோட்டத்தில் பாய் விரித்துக் கிடந்தாள். செம்பு நிற இலைகள் சுழன்று சுழன்று அவள்மேல் இறங்கின. கண்ணை மூடினால் தானும் மரமாகி, கால்விரல்கள் மண்ணுக்குள் நீண்டு போவது போலிருந்தது. தளிர் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, மாத்திரையையும் தொடவில்லை.

பரிசோதனை நாளில் டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா எடுக்கீங்களா?"

"இல உதிர்ந்த காலம் பாருங்க டாக்டரே. நிறுத்தி வச்சேன்."

மருத்துவத்தில் அப்படி ஒரு பருவம் இருப்பது டாக்டரம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அவர் வீட்டிலும் ரப்பர் மரம் உண்டு.

"அம்மா, ஒங்க கட்டி ஈஸ்ட்ரோஜன்கிற ஹார்மோன் பேச்சக் கேட்டு வளர்ற கட்டி. அது செல்லுக்குள்ள ஒரு நாற்காலியில வந்து உக்காரும். உக்காந்ததும் ஒறங்கிக் கெடக்குற ஜீன்களத் தட்டி எழுப்பும். எழும்பினதெல்லாம் 'பெருகு, பெருகு'ன்னு உத்தரவு போடும். மரத்துக்குக் கத்தி எப்படியோ, ஒங்களுக்கு அந்த ஹார்மோன். மாத்திர முந்திப் போய் அந்த நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு, ஒரு வேலையும் செய்யாம உக்காந்திருக்கும்."

"ஒரு வேலையும் செய்யாதா? எங்க வீட்டுக்காரரப் போலயா?"

"அதேதான். எழும்பாம இருக்கதுதான் அதுக்க வேல. நீங்க ஓய்வு கொடுத்தது மரத்துக்கு இல்ல. கத்திய மறிச்சு நின்ன ஆளுக்கு."

ஜெயபாயின் சிரிப்பு நின்றது. ஸ்கேன் எடுத்துவிட்டு வெளிப்பெஞ்சில் காத்திருந்தபோது, உடம்புக்குள் ஆளில்லாத நாற்காலிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. தூரத்தில் யாரோ செருப்புச் சத்தமில்லாமல் நடந்து வருகிறார்கள். எந்த நாற்காலிக்கு என்று தெரியவில்லை. ஜெபிக்க வாயெடுத்தாள், 'சீக்கிரம் போய் உக்காரு மக்கா' என்றுதான் வந்தது. அதைச் சொன்னது ஆண்டவரிடமா மாத்திரையிடமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

"இந்த வாட்டி புதுசா ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டரம்மா. 'இந்த வாட்டி'யைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

அன்று முதல் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ரத்தினம் தண்ணீர்ச் செம்போடு வந்து நிற்கிறார்.

"விழுங்கினியா? வாயத் தொற."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"தீர்ப்புச் சொன்னது நான்லா. நாக்கத் தூக்குட்டி."

அவள் நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினாள். அதிலும் மாத்திரை ஒளிந்திருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்தார்.