ஆடிப் பெருக்குக்குள் ஒரு கிரயம்

நிலத் தரகரை யாரும் காபி கொடுத்து உட்கார வைப்பதில்லை. ஆனால் நிலத்தை விற்கணும் என்று நினைத்த நிமிஷம் எல்லாருக்கும் அவர் நம்பர்தான் ஞாபகம் வரும். அதிலும் தரகர் பொம்பளை என்றால் கேட்கவே வேண்டாம். இந்தத் தொழிலில் அலைந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தஞ்சாவூரில் தையல் கடையை மூடிவிட்டு நான் இதில் இறங்கியபோது என் வீட்டுக்காரர் ஒரு கெடு வைத்தார்: அடுத்த ஆடிப் பெருக்குக்குள் ஒரு கிரயமாவது முடிக்கணும், இல்லையென்றால் மறுபடி தையல் மெஷின்தான். நானும் ரோஷத்தில் சரி என்றுவிட்டேன்.

கூடிப்போன நிலம்

தை மாதம், ஒரத்தநாடு பக்கம் ஒரு பெரியவர் அரை ஏக்கர் விற்கணும் என்று கூப்பிட்டார். ஸ்கூட்டியை நிறுத்தியதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "கூட ஆம்பிளை யாரும் வரலையா?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "நிலத்தைக் காட்டுங்கய்யா, ஆம்பிளையை அப்புறம் பாத்துக்கலாம்" என்று பத்திரத்தை வாங்கிக்கொண்டு வரப்பில் இறங்கினேன். கிழக்கு எல்லைக் கல்லையே காணோம். தேடினால், அது அடுத்த வயல்காரரின் வாழைக்குள் கிடக்கிறது. போகத்துக்குப் போகம் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அந்த மனுஷர் உள்ளே வந்திருக்கிறார்.

சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். வாங்குகிறவரை அழைத்துக்கொண்டு நான் ஜோராகப் போய் இறங்கினால், பெரியவர் புது வரப்பில் நின்றுகொண்டு சொன்னார்: "நிலம் கூடிப்போச்சேம்மா, இனிமே எதுக்கு விக்கணும்?"

சித்திரையில் காட்டினேன்

ஆற்றுப் பாசன நிலம் வேண்டும் என்று ஒரு கோயம்புத்தூர்க்காரர் வந்தார். சித்திரை மாதம். மேட்டூர் அணையை மூடி, ஆறெல்லாம் மணலாகக் கிடக்கிறது. காய்ந்த வாய்க்காலைப் பார்த்தாலே, ஆனியில் அது கரை தொட்டு ஓடுவது எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கண்ணில் தெரியும். வெளியூர்க்காரருக்குத் தெரியாது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

"இதாங்க உங்க வாய்க்கால்" என்று பெருமையாகக் காட்டினேன். உள்ளே பிள்ளைகள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு ஓவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, வெளையாட எடம் நல்லாத்தான் இருக்குதுங்க, வெவசாயம் பண்ண வேற எங்காச்சும் காட்டுங்க."

முதலில் வயலுக்குப் போனேன்

திருவையாறு பக்கம் மூன்று ஏக்கர். நிலத்துக்காரர் சென்னையில், உழுவது முருகையன், இரண்டு தலைமுறையாகப் பதிவு பெற்ற குத்தகைதாரர். எனக்கு முன்னால் வந்த தரகர்கள் அடியாட்களைக் கூட்டி வந்தார்கள். முருகையன் அரிவாளோடு மடையில் நின்றார். பிறகு வழக்கு, வாய்தா. அந்த நிலத்தின் பெயரைச் சொன்னாலே மற்ற தரகர்கள் கும்பிடு போட்டுவிடுவார்கள். ஓனரைப் பார்த்துவிட்டு வயலுக்குப் போவதுதான் எங்கள் தொழிலின் வழக்கம். நான் முதலில் வயலுக்குப் போனேன்.

ஆனி மாதம், தண்ணீர் வந்து நடவு நடந்துகொண்டிருந்தது. முருகையனின் மனைவி செல்லம்மா சேற்றிலிருந்து நிமிர்ந்து, "நீயும் எங்களை வெளியேறச் சொல்லத்தான் வந்தியா?" என்றார். "இல்லைக்கா. வழக்கு முடிய உங்களுக்கு என்ன வேணும்னு கேக்க வந்தேன்." இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லையாம். "ஒரு ஏக்கர் எங்க பேருக்கு எழுதட்டும். மீதியை யாருக்கு வேணாலும் வித்துக்கட்டும்."

சென்னைக்காரர் போனில் குதித்தார். "என் நிலத்தை நான் ஏன் எழுதணும்?" என் வாய் சும்மா இருக்குமா? "சார், உங்க நிலத்துக்கு மடை எந்தப் பக்கம்? சொல்லுங்க பாக்கலாம்." போனை வைத்துவிட்டார். போச்சுடா, வாய்க்கொழுப்பில் கெடுத்துக்கொண்டேனே என்று அழுகையே வந்துவிட்டது. நாலாம் நாள் அவரே கூப்பிட்டார். வழக்கைப் பிள்ளை தலையில் கட்டிவிட்டுப் போக மனசில்லை, எழுதிவிடலாம் என்றார்.

ஆடிப் பெருக்குக்கு இரண்டே நாள் இருக்க, ஒரே காலையில் இரண்டு பத்திரம் பதிவானது. விற்கிற இரண்டு ஏக்கரில் முருகையன் குத்தகை உரிமையை விட்டுக்கொடுத்தார். அந்த இரண்டு ஏக்கர் நான் பிடித்து வந்த அய்யம்பேட்டை மளிகைக்கடை பாய்க்கு, ஒரு ஏக்கர் செல்லம்மா பேருக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், ரிஜிஸ்டர் ஆபீஸ் என்றும் பார்க்காமல் விசில் அடிக்கணும் போலிருந்தது. கையெழுத்துப் போட்டு வெளியே வந்த செல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இனிமே குத்தகை நெல்லைத் தூக்கிக்கிட்டு யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்க வேணாம்ல?"

நிலம் விற்க இரண்டு பேர் கையெழுத்துப் போதும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் ஜில்லாவில் மூன்றாவது ஆள் முழங்கால் சேற்றில் நிற்கிறார், அவரை விட்டுவிட்டால் பத்திரத்துக்குப் பதிலாகக் கோர்ட்டு சம்மன்தான் கைக்கு வரும்.