சித்தி அறையில் பிடித்த தீ

எங்கள் வீட்டில் முதலில் கருகியது சித்தியின் தலையணை.

சித்தி கல்யாணமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்துப் பெண். ஒரு சாயங்காலம் தன் அறைக்குள் போனவள் தலையணையைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நடுவில் பழுப்பாக ஒரு ஓட்டை. உள்ளே பஞ்சு கருகி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, "கொசுவத்தி ஏதாச்சும் பத்த வெச்சயா அம்மிணி?" என்றாள்.

"இல்லீங்கக்கா."

சித்தப்பா சிகரெட்டைத் தொடாதவர். அந்த அறையில் விளக்கு ஏற்றும் வழக்கமும் இல்லை. என்னவோ என்று அன்றைக்கு விட்டுவிட்டார்கள்.

சில நாள் கழித்து, கட்டில்மேல் மடித்து வைத்திருந்த சித்தியின் கல்யாணச் சேலையில் விரல் நீளத்துக்கு ஒரு கருகல். நெருப்புப் பட்ட மாதிரியே இல்லை. ஏதோ பூச்சி எரிந்துகொண்டே ஊர்ந்து போன தடம்போல வளைந்து கிடந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. யாரோ கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வந்து, அவசரப்படாமல், விரலால் கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்பா அப்போது ஊரில்தான் இருந்தார். அவருக்குப் போர்வெல் ரிக் வண்டியில் வேலை. வண்டி வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அங்கே மழை பிடித்ததும் வண்டி திருச்செங்கோட்டுக்குத் திரும்பிப் பட்டறையில் நிற்கும். அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார், ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய கேமரா லென்ஸ்களோடு. எல்லாம் கையால் திருகிப் பார்க்கிற அந்தக் காலத்து லென்ஸ்கள். வடக்கே பழைய சாமான் சந்தைகளில் பொறுக்கியவை. அவற்றைக் கழற்றித் துடைத்து மாட்டுவதை செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார். காய்ந்து இறுகிப்போன கிரீஸைச் சுரண்டி எடுத்துப் புதிது தடவுவார். எண்ணெய் படிந்து ஒட்டிக்கொண்ட மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணியில் பரப்புவார். அந்த நேரத்தில் யாரும் மின்விசிறியைப் போடக்கூடாது.

ஒருமுறை என்னைக் கூப்பிட்டு ஒரு பெரிய லென்ஸுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். கண்ணாடிக்குள் வெள்ளை வெள்ளையாக வேர் ஓடியிருந்தது. ஒரு கண்ணுக்குள்ளே செடி முளைத்ததுபோல.

"பூஞ்சை சாமி. இதுக்கும் உசுரு இருக்குது. தொடச்சாப் பத்தாது, வெயில்ல வெச்சாத்தான் சாகும்" என்றார்.

அதன்பிறகு அந்தப் பெட்டிப் பக்கமே நான் போகவில்லை. துடைத்த கண்ணாடிகளை அப்பா சித்தி அறையின் மேற்கு ஜன்னலில், கம்பிகளுக்கு நடுவே சாய்த்து வைப்பார். மற்ற ஜன்னல்களைத் தென்னை மரங்கள் மறைத்துக்கொண்டிருந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனால், பொழுது இறங்கியபிறகு வந்துதான் எடுப்பார்.

தீ விஷயத்தைக் கேட்டு அப்பா சிரித்தார். ஒயரிங் பழசு, எங்கேயோ ஷார்ட் ஆகிறது என்று அந்த அறையின் சுவிட்ச் பெட்டியைக் கழற்றிப் புதிது மாட்டினார்.

அதற்கு மறுநாளோ என்னவோ, பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள், சித்தியின் கட்டிலில் ஜன்னல் பக்கம் கால் நீட்டித் தூங்கிப்போனேன். ஏதோ சுருக்கென்றது. விழித்தால் என் பாவாடை ஓரத்தில் நெருப்பு ஓடிக்கொண்டிருந்தது. அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த சித்தி பாய்ந்து வந்து, இரண்டு கைகளாலும் என் பாவாடையைக் கசக்கிக் கசக்கி அணைத்தாள். அப்புறம் என்னை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

சித்தியின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ஆனால் அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்த அத்தை, அப்பாவின் அக்கா, அதைப் பார்க்கவில்லை.

"இவ வந்ததுல இருந்துதானே இதெல்லாம் நடக்குது? இவ ரூம்புல மட்டுந்தானே? இப்பக் கொழந்தை மேலயே பத்தியிருக்குது. கூட இருந்தது ஆரு?" என்றாள்.

சித்தப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து என்னைச் சித்தி அறைக்குள் போகவேண்டாம் என்றார்கள். சொல்லாவிட்டாலும் போயிருக்கமாட்டேன். முந்தின வாரம்வரை எனக்குத் தலை பின்னிவிட்டவள் சித்திதான். இப்போது அவள் சீப்பை எடுத்துக்கொண்டு வந்தால் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவள் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்தக் கைதான் நெருப்பை அணைத்தது என்பது எனக்குத் தெரியும். அத்தை சொன்னதற்குப் பிறகு, அந்தக் கையிலிருந்துதான் நெருப்பு வந்ததோ என்றும் தோன்றியது. சித்தி சீப்பை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

சமையலறையில் அத்தை அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசியது என் காதில் விழுந்தது. "ஆடிக்கு அம்மா ஊட்டுக்கு அனுப்பத்தானே போறோம்? அனுப்பறதோட சரின்னு உட்டுரோணும். திருப்பிக் கூப்புட வேண்டாம்."

"பாவமுங்க அண்ணி, சின்னப் புள்ளை" என்றாள் அம்மா. அப்புறம் அம்மி அரைக்கும் சத்தம்தான் கேட்டது.

அதற்கு முன்னால் ஒரு முயற்சி என்று, சேந்தமங்கலம் பக்கமிருந்து ஒரு பூசாரியை அழைத்து வந்தார்கள். காத்து கருப்பை விரட்டுகிறவர். வீட்டு ஆட்கள் எல்லோரும் இருந்தாக வேண்டும் என்று அவர் சொன்னதால் அப்பாவும் அன்று பட்டறைக்குப் போகவில்லை. அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அக்கா பேச்சை மறுத்துப் பழக்கமும் கிடையாது. சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல ஒரு கண்ணாடியை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சித்தியை நான்கு குடம் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியோடு அந்த அறையின் நடுவில் உட்கார வைத்தார்கள். தலையில் குங்குமத்தைக் கொட்டினார்கள். அது தண்ணீரோடு கலந்து அவள் முகமெல்லாம் வழிந்தது. நான் அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். பூசாரி வேப்பங்குலையால் தரையை ஓங்கி ஓங்கி அடித்தார்.

"ஆரு நீயி? எங்கிருந்து வந்தே? சொல்லிப் போடு!"

சித்தி அழவில்லை. தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருதரம் நிமிர்ந்து சித்தப்பாவைத் தேடினாள். அவர் கூட்டத்தின் பின்னால் இருந்தார். குலை அவள் தோளிலும் விழ ஆரம்பித்தது. அவள் வாயிலிருந்து வேறு யாரோ பேசப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கட்டிலில் இருந்த புதுத் தலையணையிலிருந்து நூல்போலப் புகை எழுந்தது.

"ஐயோ, வந்துருச்சு!" என்று அத்தை அலறினாள். எல்லோரும் பின்னால் சாய்ந்தார்கள். எல்லோருக்கும் முந்தி வாசலைத் தாண்டியவர் பூசாரிதான்.

அப்பா மட்டும் உள்ளே போனார். தலையணைமேல் குனிந்து பார்த்தார். புகைக்கு அடியில் பொட்டு அளவுக்கு ஒரு வெளிச்சம், பார்க்கவே கண் கூசும் வெளிச்சம், இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தவர் 'ஸ்' என்று கையை உதறினார். பிறகு மெதுவாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். சாய்ந்த வெயிலில் அவருடைய கண்ணாடி மினுங்கிக்கொண்டிருந்தது. பெரிய லென்ஸ் ஒன்றின் முன்பக்கத்துக் கண்ணாடி, தனியாகக் கழற்றியது. அதைக் கொஞ்சம் நகர்த்தினார். வெளிச்சப் பொட்டும் நகர்ந்தது. கண்ணாடியைக் கையில் எடுத்தார். பொட்டு மறைந்தது.

கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பேயுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்கக்கா. இது என்ற வேலைங்க. நாந்தானுங்க பண்ணிப்போட்டேன்."

அத்தை நம்பவில்லை. இத்தனூண்டு கண்ணாடி எப்படிக் கட்டிலை எரிக்கும் என்று கேட்டாள். அப்பா எல்லோரையும் வெளிவாசலுக்குக் கூட்டிப்போய், காய்ந்த தேங்காய் நாரின்மேல் வெயிலைக் குவித்துக் காட்டினார். நார் புகைந்து பற்றியதும் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா வெகுநாளைக்குப் பிறகு சத்தமாகப் பேசி, தெருமுனைக் கடையிலிருந்து போண்டா வாங்கி வரச் சொன்னார். "எதுவா இருந்தாலும் இன்னைக்கோட போயிருச்சில்லீங்க" என்று பூசாரியும் டீ குடித்தார். அப்பா மட்டும் டீயை வாங்காமல், வெந்த கையைத் தண்ணீர்ச் சொம்புக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. இந்த நல்ல சேதியைச் சித்திக்குச் சொல்ல வேண்டும் என்று ஓடினேன். புழக்கடையில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, முடியிலிருந்து குங்குமத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிவப்புத் தண்ணீர் அவள் காலடியில் ஓடியது. அத்தனை நாளும் அழாதவள் அப்போது விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள்.

"சித்தி, அழுவாதீங்க. பேயே இல்லையாமா. கண்ணாடிதானாமா. இனிப் பயமில்லீங்க."

சித்தி ஈரக்கையால் என் கன்னத்தைத் தொட்டாள்.

"பேயா இருந்திருந்தா ஓட்டியுட்டிருக்கலாம் சாமி. இவங்கெல்லாம் இங்கயேதானே இருப்பாங்க."

அப்படியானால் இன்னும் போகவில்லையா? அதுவும் ஒன்றில்லையா, பலபேரா? யார் என்று கேட்கத் தைரியமில்லாமல் உள்ளே ஓடினேன். சித்தி அறையின் கட்டிலுக்கு அடியில் குனிந்து, இருட்டுக்குள் வெகுநேரம் தேடினேன். யாரும் தென்படவில்லை. கூடத்தில் அத்தை போண்டாவுக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தாள்.