இரண்டு கண்ணி அதிகம்

பிரகாஷ் அண்ணனிடம் நான்கு சக்கரத்தில் ஒரு பைக் இருக்கிறது. தலை பைக், கால் டிராக்டர், குரல் எருமை. ஏலகிரியில் ஒரு ரிசார்ட்டில் அது டவுன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புல்வெளியை வட்டமடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் விழுந்துவிடாமல் கூடவே ஓடுவதுதான் பிரகாஷ் அண்ணனின் வேலை. பதினோரு வருஷம் ஓடினார். ரிசார்ட்டை மூடியபோது, செத்துக் கிடந்த அந்த வண்டியை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்றார்கள். லாரியில் ஏற்றி, கடைசி ஏழு கிலோமீட்டருக்குக் கயிறு கட்டி இழுத்து, எங்கள் மேல்பலாக்கொல்லைக்குக் கொண்டுவந்து உயிர் கொடுத்தார். நாங்கள் பையன்கள் நாலு பேர் அதற்கு எருமை என்று பேர் வைத்து, பின்பக்கம் சுண்ணாம்பால் ஒரு வாலும் வரைந்தோம். அவர் வாலை அழிக்கவில்லை. "கொம்பு எங்கடா?" என்று மட்டும் கேட்டார்.

ஏழு கிலோமீட்டர் என்பது எங்கள் ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் கிடக்கிற காட்டுப் பாதை. ஊர் முடிகிற இடத்தில் ஓர் ஓடை, அதைத் தாண்டியதும் செங்குத்தாக ஒரு மேடு, அப்புறம் பாறையும் பள்ளமும். 108 தார் ரோடு வரைக்கும்தான் வரும். எருமை வருவதற்கு முன்பு நோயாளியைத் தூளி கட்டித் தோளில்தான் தூக்கினோம். எருமை வந்த பிறகு பிரசவம், பாம்புக்கடி, ரேஷன் அரிசி எல்லாம் அதன் முதுகில்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே மாதையன் அண்ணன். அவர் பிரகாஷ் அண்ணனுக்கு நேர் மூத்தவர், கல்யாணம் ஆகாதவர், தம்பி வீட்டிலேயே இருந்தார். இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் கீழே ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். இரண்டு வருஷமாகத் தம்பிதான் தார் ரோடு வரைக்கும் கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கூட்டிவந்தார்.

"வாரத்துக்கு ரெண்டு வாட்டி சவாரி. இந்த மலையில ராசா நான்தான்டா" என்பார் மாதையன் அண்ணன். கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். நாங்கள் கும்பிடு போடுவோம். அவர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்வார்.

ஆடியில் காளியம்மனுக்குக் காப்புக் கட்டினால் எட்டு நாள் ஓடையைத் தாண்டக்கூடாது. மீசை முளைத்த ஆண்கள் எல்லோருக்கும் கட்டுவார்கள். முளைக்காத எனக்கும் கட்டினார்கள், எட்டு நாளாவது ஓடைக்கு அந்தப் பக்கம் நிம்மதியாக இருக்கட்டும் என்று. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பிரகாஷ் அண்ணன் காப்புக் கட்டவில்லை, அண்ணனை ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோவது என்றார். அந்த வருஷம் ஆலங்கட்டி விழுந்து சாமை எல்லாம் படுத்துவிட்டது. மழையை அனுப்பியது பிரகாஷ்தான் என்று ஊர் முடிவு செய்தது. அதனால் போன ஆடியில் கட்டிக்கொண்டார். பெண்களுக்குக் காப்பு இல்லை, நோயாளிக்கும் இல்லை. எட்டு நாளைக்கு வண்டியை அவர் மனைவி கல்பனா அக்கா ஓட்டுவதாக ஏற்பாடு. உண்மையைச் சொன்னால் அவரைவிட அக்கா நன்றாக ஓட்டும்.

காப்புக் கட்டிய மறுநாள், திங்கட்கிழமை, எருமை வேறு குரலில் பேசியது. தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம்.

"டைமிங் செயின் நீண்டு போச்சி" என்றார் பிரகாஷ் அண்ணன்.

அது இன்ஜினுக்குள்ளே ஓடுகிற, கண்ணி கண்ணியாகக் கோத்த சின்னச் செயின். கீழே சுற்றுவதையும் மேலே வால்வு திறப்பதையும் ஒரே தாளத்தில் கட்டி வைப்பது அதுதான். அது ஒரு பல் நழுவினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அப்புறம் வண்டி இல்லை, இரும்புதான்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி தவறியது. தூளி கட்ட ஆண்கள் வேண்டும். ஆண்கள் எல்லோர் கையிலும் மஞ்சள் கயிறு. பிரகாஷ் அண்ணன் சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி நர்ஸ் சிவசங்கரிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"ஒண்ணு போச்சி, சரி. வெள்ளிக்கிழமை எப்படியாச்சும் இட்டாந்துடுங்க. அதுவும் போனா அவரு தாங்கமாட்டாருங்க."

புதன்கிழமை பிரகாஷ் அண்ணன் இன்ஜினைத் திறந்தார். செயினை மறைத்துக்கொண்டிருந்த இடப்பக்க மேக்னெட்டைக் கழற்றி, பழைய செயினை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு துணிப்பையில் போட்டு அக்காவிடம் கொடுத்தார்.

"பழசப் பக்கத்துல வச்சி, அளந்து வாங்கினு வா. முன்ன பின்ன இருந்தா வேணாம்னு சொல்லிடு."

எங்கள் ஊரில் எதையும் அப்படித்தான் வாங்குவோம். மாட்டுக் கயிறு, கிணற்றுக் கயிறு, அரைஞாண், எல்லாவற்றுக்கும் பழையதுதான் அளவு. அக்கா ஏழு கிலோமீட்டர் நடந்து, பஸ் பிடித்து, திருப்பத்தூரில் மூன்று கடை ஏறி இறங்கினாள். நான்காவது கடையில் துரைக்கண்ணு என்று ஒருவர் இருந்தார். ஆணி நிறையச் செயின் தொங்கியதாம்.

"எத்தினி கண்ணிம்மா?"

"அதெல்லாம் தெரியாதுங்க. இதே நீளத்துக்குக் குடுங்க."

அவர் பழையதைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒன்று நூல் பிசகாமல் ஒத்துப்போனது. அக்கா சந்தோஷமாக வாங்கி வந்தாள்.

வியாழக்கிழமை முழுக்கப் பிரகாஷ் அண்ணன் அதை மாட்டினார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து, "அண்ணா, எருமைக்கு ஆபரேசனா? ரத்தம் வேணும்னா சொல்லுங்க" என்று ஓட்டினோம். அவர் சிரிக்கவில்லை. செயின் உள்ளே விழுந்துவிடாமல் கம்பியால் கட்டினார். கீழேயும் மேலேயும் இருக்கிற குறிகளைச் சேர்த்தார். கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, எதுவும் முட்டவில்லை என்று பார்த்தார். ஒரே ஒரு இடத்தில் நின்றார். செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் முழுசாக வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

"புதுச் செயினுக்கு இது இவ்ளோ தூரம் வரக்கூடாதே" என்றார் தனக்குத்தானே. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். வீட்டுக்குள்ளேயிருந்து மாதையன் அண்ணனின் இருமல் கேட்டது. மூடிவிட்டார்.

ஸ்டார்ட் செய்தார். டப்பாச் சத்தம் இல்லை. நாங்கள் விசில் அடித்தோம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாதையன் அண்ணனைப் பின்னால் உட்காரவைத்து, துண்டால் அக்காவின் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தாலும் அவருக்கு வாய் அடங்கவில்லை.

"தம்பி பொண்டாட்டி இடுப்புல கட்டி அனுப்புறீங்களேடா. கலி முத்திப் போச்சி."

எருமை ஓடையைத் தாண்டியது. நாங்கள் எல்லோரும் கரையில் நின்றோம். மேட்டில் பாதி ஏறியிருக்கும். கடகடவென்று ஒரு சத்தம், டப்பென்று ஒன்று, அப்புறம் ஒன்றுமே இல்லை. அவ்வளவு அமைதியை அந்தப் பாதையில் நான் கேட்டதில்லை.

"இன்னாங்க! வண்டி நின்னுபோச்சிங்க!" அக்காவின் குரல் மேட்டிலிருந்து வந்தது. "மாமாவுக்கு மூச்சு வாங்குதுங்க!"

கரையில் முப்பத்தோரு ஆண்கள் நின்றோம். முப்பத்தோரு கையிலும் காப்பு. ஊர்க்கவுண்டர் பின்னாலிருந்து, "பொம்பளைங்க போங்க, பொம்பளைங்க போய்த் தூக்குங்க" என்றார். பிரகாஷ் அண்ணன் சட்டைப்பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். மஞ்சள் கயிறு அறுந்து தண்ணீரில் போனது. யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஓடையில் இறங்கினார்.

நான் என் கையைப் பார்த்தேன். எனக்கு எதிலும் பயமில்லை என்று ஊருக்கே தெரியும். தலைமையாசிரியர் நாற்காலியில் பலாப்பால் தடவியவன் நான். அன்றைக்கு என் கால் ஒரு அடி நகரவில்லை.

அண்ணனை முதுகில் ஏற்றிக்கொண்டு பிரகாஷ் அண்ணன் நடந்தார். அவர் சோர்ந்தபோது அக்காவும் மூன்று பெண்களும் புடவையில் தூளி கட்டித் தூக்கினார்கள். நாலாவது கிலோமீட்டரில் புளியமரத்தடியில் இறக்கியபோது மாதையன் அண்ணன் தண்ணீர் கேட்டார். அவருக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்கவேண்டும். அக்கா தம்ளரைத் தேடியபோது, "இன்னிக்கு அளக்காதம்மா" என்றாராம். குடித்து முடிப்பதற்குள் போய்விட்டார். தார் ரோட்டில் 108 ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியது.

காப்பு அவிழ்த்த மறுநாள் ஊர் கூடியது. அதற்குள் பிரகாஷ் அண்ணன் எருமையை இழுத்துவந்து இன்ஜினைத் திறந்திருந்தார். வால்வு இரண்டும் வளைந்திருந்தன. இரண்டு செயினையும் கையில் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டத்தில் வந்து நின்றார்.

"பழசு தொண்ணூறு கண்ணி. புதுசு தொண்ணூத்தி ரெண்டு. பழசு தேஞ்சி நீண்டு போயிருந்திச்சி, அதான் ரெண்டும் ஒரே நீளம் காட்டுச்சி. ரெண்டு கண்ணி அதிகமானதால தொளதொளன்னு ஓடி மேட்டுல பல்லு நழுவிடுச்சி. நான் எண்ணச் சொல்லல, அளக்கச் சொன்னேன். டென்சனர் சொன்னதையும் கேக்கல. தப்பு என்னுது. கல்பனா நான் சொன்னதத்தான் செஞ்சா."

கல்பனா அக்கா கூட்டத்தின் ஓரத்தில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். நாலு நாளாக, "நான் வாங்கியாந்ததுதான் மாமாவக் கொன்னுச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

"கண்ணிக் கணக்கெல்லாம் வுடுப்பா" என்றார் ஊர்க்கவுண்டர். "காப்ப அறுத்தியா இல்லியா?"

"வண்டி நின்னதுக்கு அப்புறம்தாங்க அறுத்தேன்."

"அறுத்தியா இல்லியா?"

"அறுத்தேன்."

இனிமேல் இந்த ஊரில் பிரகாஷ் கையில் காப்பு ஏறாது என்று தீர்ப்பாயிற்று. அவர் தலையாட்டிவிட்டு, இரண்டு செயினையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அக்காவோடு வீட்டுக்கு நடந்தார்.

எனக்குக் கணக்கு வராது. அதனால் அவர் வீட்டு ஆணியில் தொங்கிய செயின்களை நான் மூன்று முறை எண்ணினேன். தொண்ணூறு, தொண்ணூற்று இரண்டு. அவர் சொன்னது சரிதான்.

மூன்று மாதத்தில் வால்வு மாற்றி, சரியான செயின் போட்டு, எருமையை மறுபடி எழுப்பினார். பின்னால் உட்கார ஆள் இல்லாத செவ்வாய், வெள்ளிகளில் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். வாலை மட்டும் துணி படாமல் விட்டுவிடுவார்.

இந்த ஆடியிலும் காப்புக் கட்டினார்கள். ஓடையைத் தாண்ட முடிகிற ஒரே ஆண் இப்போது அவர்தான். எட்டு நாளும் வண்டியை ஓடை ஓரமாக, ரோட்டைப் பார்த்து நிறுத்தி வைத்திருந்தார். அவருக்குக் காப்பு இல்லாததை ஊர் இன்னும் தண்டனை என்றுதான் சொல்கிறது.

எனக்கும் கட்டினார்கள். முடிச்சைத் தளர்வாகப் போடச் சொன்னேன்.