மணலில் ஓடிய ஜீப்பும் காரைதீவுத் தார் வீதியும்

பழைய ஜீப் கட்டப்போகிற நண்பர்கள் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: கழற்றி விற்கிற எக்ஸலின், அதாவது சக்கர அச்சின், பல் விகிதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கல்முனையிலிருந்து இறக்காமத்துக்குப் போன ஒரே பயணத்தில் நான் படித்த பாடம் அது. எண்பதுகளின் தொடக்கம், பெரும்போக அறுவடை முடிகிற நேரம். இன்று நினைத்தாலும் கை துருதுருக்கிறது!

என் மனைவியின் தம்பி உவைஸ் இறக்காமத்தில் வயல் செய்கிறவன். சூடடித்த நெல் மூட்டையாகக் களத்தில் கிடந்தது. முதல் நாள் மாலை குளத்தின் அக்கரையில் யானைகளைக் கண்டிருக்கிறார்கள். நெல் அன்றைக்கே வீடு வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த போகம் வரை பிள்ளைகளுக்குச் சோறு கடை அரிசிதான். களத்துப் பாதையோ முழங்கால் சேறு. அறுவடைக் காலத்தில் டிராக்டர் குதிரைக்கொம்பு. நான்கு சக்கரமும் இழுக்கிற உவைஸின் ஜீப்தான் கதி. அதுவோ கல்முனைக்கு வந்த இடத்தில் பின் எக்ஸலை உடைத்துக்கொண்டது. நற்பிட்டிமுனையில் பழைய சாமான் விற்கும், அண்ணன் முறையில் நாங்கள் 'காக்கா' என்று கூப்பிடும் காசீம் காக்காவிடம் வேறொன்று வாங்கிப் பூட்டியிருந்தான்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். "காக்காட வளவுக்குள்ள மணல்ல நாலு சக்கரத்திலயும் ஓட்டிப் பாத்துத்தான் எடுத்தன் மச்சான். தண்ணி மாதிரிப் போகுது" என்றான் உவைஸ். எங்கள் கரையில் எந்த வண்டியையும் அப்படித்தான் பார்ப்பார்கள். கடலோரம் குடியிருக்கிறவனுக்கு மணலை விட்டால் பரீட்சைக்கு வேறு இடம் தெரியாது.

காரைதீவை எட்டியதும், "இப்ப பாருங்க" என்று நான்கு சக்கர லீவரைப் போட்டான். நல்ல தார் வீதி. கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம், ஜீப் உறுமத் தொடங்கியது. டயர் கீச்சிட்டது. லீவரைத் திருப்பி எடுக்கப் பார்த்தால் அசையவில்லை. சைக்கிளில் வந்த வாத்தியார் ஒருவர், "என்ன தம்பி, பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டே ஓடுறீங்களோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். உவைஸ் ஜீப்பை ஓரங்கட்டினான்.

"கொஞ்சம் பின்னுக்கு எடு" என்றேன். எடுத்தான். 'டக்' என்று லீவர் விடுபட்டது. அந்தச் சத்தத்தில் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் பக்கமிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதுதான் விகிதம். முன் எக்ஸல் ஒரு விகிதம், பின் எக்ஸல் வேறு விகிதம். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. மணலில் டயர் வழுக்கிக் கொடுப்பதால் சண்டை வெளியே தெரியாது.

"சும்மா கதைக்காதீங்க மச்சான், ரெண்டும் ஒரே மாதிரித்தானே இரிக்கி!"

"வா, எண்ணிப் பாப்பம்."

வீதியோரத்திலேயே ஜேக்கைப் போட்டோம். நிலத்தில் நின்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கை பிரேக்கையும் எடுத்தோம். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கி, டயரிலும் ஷாஃப்டிலும் சோக்கால் கோடு போட்டோம். மற்றச் சக்கரம் நிலத்தில் நிற்பதால், தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைய நின்றது. முன்பக்கத்திலும் அதே மாதிரிச் செய்தோம். ஐந்தைத் தாண்டி இன்னும் மூன்றில் ஒரு சுற்றுக்கு மேலே போனது! நான் வீதியென்றும் பாராமல் கத்தியே விட்டேன்.

திரும்பி நற்பிட்டிமுனைக்கு விட்டோம். "ரெண்டும் ஜீப்புட சாமான்தானே தம்பி" என்றார் காசீம் காக்கா. மூலையில் துருவேறி இன்னொரு எக்ஸல் கிடந்தது. இரண்டு முனையையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றினோம். நடுவில் ஷாஃப்ட் பூட்டுகிற முனை, முன் எக்ஸலைப் போலவே, ஐந்தேகாலைத் தாண்டியது! "ஓம், இதுதான்!" என்று உவைஸ் காக்காவைக் கட்டிப்பிடித்துவிட்டான். காக்கா மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார். கையில் ஸ்பேனரையும் எடுத்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னர் பூட்டி முடித்தோம். காரைதீவில் திரும்பவும் லீவரைப் போட்டு எடுத்துப் பார்த்தான். உடனே விடுபட்டது. பிற்பகல் அசர் தொழுகை நேரத்துக்குக் களத்தில் நின்றோம். சேற்றில் ஜீப் எருமை மாதிரி இழுத்தது. பொழுது சாய்வதற்குள் கடைசி மூட்டையும் வீடு சேர்ந்தது.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தோற்றத்தையும் பெயின்டையும் நம்பாதீர்கள். எக்ஸல் மூடியைத் திறக்க விட்டால், உள்ளே பெரிய பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைச் சின்னதின் எண்ணிக்கையால் வகுங்கள்: 43க்கு 8 என்றால் 5.38, 39க்கு 8 என்றால் 4.88. திறக்க விடாவிட்டால் சோக்குத் துண்டு போதும். உங்கள் ஜீப்பில் இருக்கிற மற்ற எக்ஸலை வீட்டிலேயே எண்ணிக்கொண்டு போங்கள். மணலில் ஓட்டிக் காட்டினால் பார்த்துச் சிரியுங்கள், ஆனால் வாங்காதீர்கள்.

அடுத்த நாள் காலையில் உவைஸோடு களத்துக்குப் போனேன். நெல் மூட்டை கிடந்த இடமெல்லாம் யானைக் காலடி. இரவு வந்து, கிடைத்த வைக்கோலைத் தின்றுவிட்டுப் போயிருந்தன. உவைஸ் அந்தக் காலடிக்குள் தன் காலை வைத்து நின்று, "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். பிறகு ஜீப்பிடம் போய், பின்சக்கரத்தைத் தடவிக் கொடுத்தான்.