லூர்தம்மாளின் பாவச் சீட்டு

ரவிக்கைக்கு ஒரு கை வைத்துத் தைத்ததும் லூர்தம்மாள் உலை வைக்க எழுந்து போவாள். குழாயடியில் முருங்கை கண்ணில் படும், கீரை பறிப்பாள். பறித்த கீரையோடு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று பார்க்கப் போய்விடுவாள். ரவிக்கை ஒற்றைக் கையோடு மிஷினில் தொங்கும். கத்தரிக்கோலை ஒருமுறை அரிசிப் பானைக்குள் கண்டெடுத்தார்கள்.

ரவிக்கைக் கழுத்து வெட்டுவதில் முத்தாபுதுப்பேட்டையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் தீபாவளித் துணி கிறிஸ்துமஸுக்குத்தான் வரும். துணி கேட்டு வரும் வனஜாவிடம், "ஆயிட்ச்சி வனஜா, கொக்கி வெக்கிறதுதான் பாக்கி கீது" என்பாள். துணியை வெட்டியே இருக்கமாட்டாள். பொய் என்று சொல்ல எனக்கு மனசு வராது. மனத்துக்குள் தைத்து முடித்திருப்பாள்.

மாதாமாதம் சர்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகும்போது, பாவங்கள் மறந்துவிடக் கூடாதே என்று அளவுச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்வாள். முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: 'சோம்பல், பொறுப்பில்லாமை.' சாமியாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, மறுநாளே பாலைப் பொங்கவிட்டு, கடவுளையே ஏமாற்றுகிறோமே என்று இருபது வருடம் அழுதவள். ஒருமுறை அந்தச் சீட்டு ரவிக்கைப் பொட்டலத்தோடு வனஜா வீட்டுக்குப் போய்விட்டது. வனஜா தங்கமானவள். "அளவுச் சீட்டு எங்கிட்ட வந்துட்ச்சிக்கா" என்று, அதைப் படித்துப் பார்க்காதவள் போலக் கொடுத்துவிட்டாள்.

தொண்ணூற்றைந்தில், மகள் தெரசா வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று டீச்சர் எழுதியனுப்ப, மெட்ராஸில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். மகளைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், "இன்னா டாக்டர், என்னப் பத்தியா கேக்கறீங்க?" என்றாள். அந்த அம்மாள் அவளையும் தனியாக மூன்று தடவை வரச்சொல்லி விசாரித்தார்.

"ரெண்டு பேருக்கும் கவனக் குறைபாடும்மா. பிறவியிலேயே இருக்கறது. சோம்பேறித்தனம் இல்ல."

"இன்னொரு தபா சொல்லுங்க டாக்டர்" என்றாள் லூர்தம்மாள், நாற்பது வயதில்.

அவர் சொன்னார். அந்தப் புண்ணியவதிக்குத்தான் இன்றைக்கும் ஜெபத்தில் முதலிடம்.

இப்போது கத்தரிக்கோல் நாடாவில் கோத்துக் கழுத்தில் தொங்குகிறது. டாக்டரம்மா சொன்ன யோசனை. ரவிக்கை இன்னும் தாமதம்தான். கணவர் செபாஸ்டியன் முன்போலக் கத்துவதில்லை. "அந்த ஒத்தக் கைய முடிச்சிட்டு எழுந்திரு லூர்து, உல நான் வெக்கிறேன்" என்கிறார்.

போன சனிக்கிழமை சீட்டு எழுத உட்கார்ந்தாள். இத்தனை வருடம் கழித்தும், பழக்கத்தில் முதல் வரி தானாக வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். கழுத்திலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அந்த வரியை மட்டும் நேராக வெட்டி, வெட்டுத்துணிக் கூடையில் போட்டாள். மிச்சச் சீட்டை மடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.