சல்லடையில் சலித்த மரத்தூள்

அந்த சைடுபோர்டை வண்டு அரிக்கவே இல்லை. அரித்ததாக என் தங்கையை நம்பவைத்து, அதை எனதாக்கிக்கொண்டவள் நான்!

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்க வேண்டும்... இல்லையே! நீங்கள் தென்காசிக்கு வந்து ஒருமுறை அதைப் பாருங்கள். பிறகு என்னைத் திட்டுங்கள்.

பீங்கான் தட்டுகளும் கரண்டிகளும் வைக்கும் இடுப்புயர அலமாரி அது. குற்றாலத்தில் சீசனுக்குத் தங்க வந்த துரையின் பங்களாவுக்காகச் செங்கோட்டை ஆசாரிகள் செய்தது. துரை ஏதோ படத்தைக் காட்டி இப்படி வேண்டும் என்றானாம். உருவம் அவன் ஊருடையது. மரமோ மலைக்கு அந்தப்பக்கத்துத் தேக்கு. கதவில் ஆசாரி செதுக்கியதோ நம் கோயில் தூணில் உள்ள அன்னமும் கொடியும்! ஓர் ஆணி கிடையாது. சாரலில் மரம் ஊதும் என்று தெரிந்து, இழுப்பறைகளை ஒரு நூல் அளவு குறைத்தே இழைத்திருக்கிறார்கள். ஆடி மாத ஈரத்திலும் ஒற்றை விரலால் இழுக்கலாம். பங்களா கைமாறியபோது அப்பா அதை வாங்கினார்.

அப்பா இறந்தபின், பாகம் பிரிப்பதற்காக நானும் தங்கை செல்வியும் அவர் வீட்டில் ஒரு வாரம் தங்கினோம். முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள்: "எக்கா, வேற எது இல்லாட்டியும் இது எனக்கு வேணும்."

நான் மட்டும் ஆசைப்படவில்லையா? எனக்கு ஆத்திரமாக வந்தது. மர அறுவை மில்லில் ஒரு பை தூள் வாங்கினேன். மாவுச் சல்லடையில் நைசாகச் சலித்தேன். தினமும் அவள் எழுவதற்குள் அலமாரிக்கு அடியில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினேன். அவள் பெருக்கித் தள்ளுவாள்... மறுநாள் மறுபடி கிடக்கும்! நான்காம் நாள் முகம் வாடி நின்றாள்.

"உள்ள பூரா அரிச்சிட்டுக்கா. கொண்டுபோனா என் வீட்டு வாசல் நிலைக்கும் பரவிரும். நீயே வச்சுக்கோ."

ஜெயித்தேன்! மெருகேற்றிக் கூடத்தின் நடுவில் நிறுத்தினேன். வருகிறவர்கள் வாய் பிளக்கிறார்கள். பழம்பொருள் தெரிந்த ஒருவர் தரையில் மண்டியிட்டு அதன் மூட்டுகளைத் தடவினார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அழகுக்கு என் வீடுதான் பொருத்தம் என்று இப்போதும் சொல்வேன்.

சென்ற மாதம் செல்வி வந்தாள். இழுப்பறையை இழுத்துப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது.

"ஒன் கைக்கு வந்ததாலதான் இது பொழச்சிருக்கு. எம் பங்குக்கு அப்பாவோட சாய்வு நாற்காலி வந்துச்சுல்லா... இதுகிட்டயேதான கெடந்துச்சு, அதுலயும் வண்டு இருக்கும்னு பயந்து வெந்நி அடுப்புல வச்சு எரிச்சுட்டேன்."

அப்பா கடைசி மூச்சுவரை சாய்ந்திருந்த நாற்காலி... ஒரு பூச்சியும் இல்லாத நாற்காலி!

சொல்லிவிட வாயெடுத்தேன். சொன்னால் சைடுபோர்டை அவளிடம் கொடுக்க வேண்டி வருமே?

"காப்பி ஆறுது, குடிட்டி" என்றேன்.

குடித்தாள். கிளம்பும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா பொருள்ல ஒண்ணையாவது காப்பாத்திட்டியேக்கா."